ஆளுக்கு ஒரு வெள்ளி அறுபத்தேழு காசு

முப்பதுகளின் ஆரம்பம். ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்த நேரம். பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜென்சியில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மாதம் ஐம்பத்தைந்து வெள்ளி சம்பளம், ஒரு மேசை, ஒரு மைக்கூடு, தலைக்கு மேல் கரகரவென்று சத்தம் போடும் ஒரு காற்றாடி. இதை வெளியே சொன்னால் என் மானம் போகும் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். இந்த வயதில் அந்த மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன், போகட்டும்.

கிராணிகள் நாங்கள் மூன்று பேர். பெயர் வேண்டாம். மற்ற இருவரும் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், தெருவில் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள். ஒருவன் நல்ல குண்டு; கிட்டங்கிச் சரக்குக் கணக்கு அவனுடையது. இன்னொருவன் ஒல்லி; சுத்த சைவம், அதைவிடச் சுத்தமான கஞ்சன். குண்டன், சைவன் என்றே இங்கே சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடி போட்டவன். எங்களுக்கு மேலே பெரிய கிராணி. ஐம்பதைத் தாண்டியவர், கோட்டும் தலைப்பாகையுமாக இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். அவருக்கும் மேலே புதிதாக வந்த துரை.

கணக்கில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு. சாயங்காலம் மூவரும் மார்க்கெட் ஸ்திரீட்டில் தேத்தண்ணி குடித்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று நான்தான் பிரித்துச் சொல்வேன். குண்டன் மூன்று வடை, நான் ஒன்று, சைவன் பாதி என்றால் அந்தப் பாதிக்கும் கணக்கு உண்டு. அரைக் காசு விடமாட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நியாயஸ்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கர்மம்!

ஒரு வியாழக்கிழமை ஆபீஸ் பியூன் வந்து எங்கள் மூவர் வயிற்றிலும் புளியைக் கரைத்தான். துரை பெரிய கிராணியைக் கூப்பிட்டு, சம்பளச் செலவில் நூறு வெள்ளிக்கு மேல் குறையவேண்டும், மூன்று கிராணிகளில் இரண்டு பேர் போகட்டும், எந்த இரண்டு என்று திங்கட்கிழமைக்குள் நீயே பெயர் கொடு என்று சொல்லிவிட்டாராம். கதவுக்கு வெளியே நின்று தன் காதாலேயே கேட்டானாம். அந்த நாளில் வேலை போனால் அவ்வளவுதான். ஊருக்குப் போகும் கப்பலில் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஏழு மாதம். வேலை போனால் நாகப்பட்டினத்தில் இறங்கி, பெட்டியும் கையுமாக மாமனார் வீட்டு வாசலில் நிற்கவேண்டியதுதான். அந்த மாமனாரை உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பெரிய கிராணியைக் குளிரவைக்க ஒரு விருந்து கொடுத்தால் என்ன என்று குண்டன்தான் ஆரம்பித்தான். அவன் புத்தி எப்போதும் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். பெரியவருக்கு வெள்ளைக்காரச் சாப்பாடு என்றால் உயிர் என்பது ஆபீஸுக்கே தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு ஐலாம் சீனர் சாப்பாட்டுக் கடை இருந்தது. துரைமார் வீடுகளில் சமையல் செய்து பழகிய ஆட்கள், சூப்பு, கோழி சாப், புடிங் என்று எல்லாம் மேசை விரிப்போடு கிடைக்கும். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். ஒரு மணிக்கு அங்கேயே கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று.

யார் எவ்வளவு என்பதில்தான் வந்தது ரகளை. வெள்ளிக்கிழமையே நான் அந்தக் கடை வாசல் பலகையில் இருந்த விலையை எல்லாம் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு பேருக்கு நாலு வெள்ளி எண்பது காசு. மூன்றால் வகுத்தால் ஆளுக்கு ஒன்று அறுபது. சைவன் குதித்தான். "நான் கோழி திங்கமாட்டேன், மீன் திங்கமாட்டேன். ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒண்ணு அறுபதா? உங்க ரெண்டு பேரு கோழிக்கு நான் ஏண்டா அழணும்?" என்றான். நியாயம்தான். ஆனால் அவன் குறைவாகக் கொடுத்தால் பெரியவர் கண்ணுக்கு அவன் குறைவாகத் தெரிவானே என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னதும் சம பங்குக்கு வந்துவிட்டான். அவன் பங்குக் கோழிக்கு ஈடாக அவனுக்கு இரண்டு புடிங். அந்தப் புடிங்கில் முட்டை உண்டு என்பது எனக்கும் குண்டனுக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவம் தனி.

அடுத்தது டிப்பு. வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவருக்குப் பத்துக்கு ஒன்று தனியாக வைப்பதுதான் முறை என்று சொன்னேன். அதற்கும் சைவன் எகிறினான். "சாப்பாட்டுக்குத்தான் காசு குடுத்தாச்சே! அத அடுப்படியிலேருந்து கொண்டாந்து வச்சதுக்கு வேற காசா? நாளைக்கு அடுப்பு ஊதினவன் வந்து கைய நீட்டுவான், அவனுக்கும் அழுவியா?" பத்துக் காசு போதும் என்றான் அவன். நாற்பத்தெட்டு என்றேன் நான். இருபதுக்கு இறங்கினோம், இருபது மூன்றால் வகுபடாது. கடைசியில் இருபத்தொன்று. ஆக ஐந்து வெள்ளி ஒரு காசு, ஆளுக்கு ஒரு வெள்ளி அறுபத்தேழு காசு. ஆபீஸ் காகிதம் ஒன்றின் பின்பக்கம் இந்தக் கணக்கை எழுதி, கீழே 'யாரும் தனியாகக் கொடுக்கக்கூடாது' என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டேன். மூவரும் கையெழுத்து வைத்தோம். ஒருவன் மட்டும் நல்ல பிள்ளை ஆகிவிடக்கூடாது, அதுதான் விஷயம்.

எல்லாம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேனா, அன்று ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. மூன்று பேரில் ஒருவன்தான் தப்பிப்பான். மூவரும் சமமாகக் கொடுத்தால் பெரியவர் எதை வைத்து என்னைத் தேர்ந்தெடுப்பார்? மொத்தத்தையும் நான் ஒருவனே கொடுத்து, அவர் காதில் மட்டும் ஒரு வார்த்தை போட்டுவிட்டால்? எழுந்து, மனைவி பிரசவச் செலவுக்கென்று தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த ஐந்து வெள்ளி நோட்டை எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தத்தை எழுதியவனும் நான்தான், எழுதிய மை காய்வதற்குள் அதை மீறக் கிளம்பியவனும் நான்தான்.

சனிக்கிழமை காலை மூவரும் போய் அவர் மேசை முன்னால் நின்றோம். "ஐயா, இன்னிக்கு மத்தியானம் எங்களோட சாப்பிட வரணும்" என்றான் குண்டன். எதற்கு என்று அவர் கேட்டார். "சும்மாதான் ஐயா, ரொம்ப நாளா ஆசை" என்று இழுத்தேன் நான். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, சரி தம்பி என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கடையில் பரிமாறுகிறவர் ஒரு வயதான சீனர். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், முகத்தில் சிரிப்பே கிடையாது. பெரியவர் சூப்பை ரசித்துக் குடித்தார். கத்தியையும் முள்கரண்டியையும் அவர் பிடித்த அழகே அழகு. குண்டன் கோழி சாப்பைக் கத்தியால் ஒரு அழுத்து அழுத்த, அது தட்டை விட்டு எழும்பிச் சைவன் மடியில் போய் விழுந்தது. சைவன் 'சிவ சிவா' என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். பரிமாறுகிறவர் முகம் மாறாமல் வந்து, முள்ளால் கோழியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். பெரியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சூப்பு முடிந்ததும் கை கழுவும் சாக்கில் நான் எழுந்து போயிருந்தேன். கல்லாவில் இருந்த முதலாளியிடம் ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்து, பில்லை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம், மிச்சம் இருபது காசு பரிமாறுகிறவருக்கு என்று பஜார் மலாயில் சொல்லிவிட்டு, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தேன். கோழிக்குப் பிறகு குண்டன் பின்பக்கம் போய்விட்டு வந்தான். வயிறு சரியில்லை என்றான். நம்பினேன்.

புடிங் வந்தது. சைவன் இரண்டையும் வழித்துச் சாப்பிட்டான், 'பாலும் சீனியும்தானே, நல்லா இருக்கு' என்று எங்களுக்குச் சொன்னான். நாங்கள் கூரையைப் பார்த்தோம். அப்போதுதான் பெரியவர் துணியால் வாயைத் துடைத்துவிட்டு, அப்படியே கண்ணையும் துடைத்தார். "இருபத்திரெண்டு வருஷத்துல யாரும் எனக்கு இப்படிச் செஞ்சதில்ல. எதுக்குன்னு நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் கேக்கமாட்டேன். மனசு நெறஞ்சு போச்சு" என்றார். அப்பாடா, வேலை தப்பியது என்று என் வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. மற்ற இருவர் முகத்தைப் பார்த்தேன். அவன்களும் பால் குடித்த பூனை மாதிரிதான் இருந்தான்கள். பாவம், விஷயம் தெரியாமல் சந்தோஷப்படுகிறான்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வேடிக்கை. ஆளுக்கு ஒன்று அறுபத்தேழை எடு என்று அவர்கள் என்னைக் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. மறந்துவிட்டான்கள், நல்லதாய்ப் போயிற்று என்று எழுந்துவிட்டேன். வெளியே ரிக்‌ஷா ஏற்றும்போது பெரியவர் காதில், "ஐயா, இன்னிக்குச் சாப்பாடு என்னோடது. அவங்களுக்குத் தெரியவேண்டாம்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் ராஜா மாதிரி இருந்தேன். மனைவி டப்பாவைத் திறக்காத வரைக்கும்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். துரை அறைக்குப் போன பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். கிராணிகள் மூவரும் பேரேட்டில் தலையைப் புதைத்து, காதை மட்டும் தீட்டி வைத்திருந்தோம். அப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தார் அந்தப் பரிமாறுகிற சீனர். அதே வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலம். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே பெரியவர் மேசைக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு ஐந்து வெள்ளி நோட்டு.

"சாலா, துவான்" என்றார். தப்பு நடந்துவிட்டது ஐயா என்று அர்த்தம். மலாயில், நிறுத்தி நிறுத்தி, ஒன்று விடாமல் சொன்னார். சனிக்கிழமைச் சாப்பாடு நாலு எண்பது. கண்ணாடி போட்ட துவான் முதலாளியிடம் ஐந்து கொடுத்தார். குண்டு துவான் பின்பக்கம் தன்னைக் கூப்பிட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு ஐந்து கொடுத்தார், யாருக்கும் சொல்லாதே என்றார். மெலிந்த துவான் எழுந்து போன பிறகு பார்த்தால் புடிங் தட்டுக்கு அடியில் ஒரு ஐந்து. சாயங்காலம் முதலாளியோடு கணக்குப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. டிப்பு இருபது காசு, அது சரி, எடுத்துக்கொண்டேன். பத்து வெள்ளி டிப்பு இல்லை, அது தப்பு. அப்படிச் சொல்லி நோட்டுகளை மேசையில் தள்ளி வைத்தார்.

சொல்லும்போதே ஒவ்வொருவரையும் விரலால் காட்டினார், மனுஷன்! பினாங்கிலேயே யோக்கியமான ஒரு ஆள் என் தலையில் கல்லைப் போடவென்றே வந்து நின்றதைப் பார்த்தேன். நான் குண்டனை முறைத்தேன். குண்டன் சைவனை முறைத்தான். சைவன் என்னை முறைத்தான். துரோகிப் பயல்கள் என்று எனக்கு வந்ததே கோபம்! நான் செய்ததும் அதுதான் என்று உறைக்கவே சற்று நேரமாயிற்று.

சீனர் போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். மேசைக்கு அடியில் கிடந்ததாம், அதில் அச்சிட்டிருந்த கம்பெனி விலாசத்தைப் பக்கத்துக் கடையில் படிக்கச் சொல்லித்தான் எங்களைக் கண்டுபிடித்தாராம். சட்டைப் பையில் நான் மடித்து வைத்த அதே காகிதம். பெரியவர் அதைப் புரட்டினார். நாலு எண்பது, இருபத்தொன்று, மூன்றால் வகுத்து ஒன்று அறுபத்தேழு, கீழே மூன்று கையெழுத்து. 'யாரும் தனியாகக் கொடுக்கக்கூடாது' என்று வாய்விட்டுப் படித்தார். தீர்ந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமனார் வீட்டு வாசல் தெரிந்தது.

சத்தத்தையே காணோம். கண்ணைத் திறந்தால், பெரியவர் தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறார்.

"மூணு பேரும் தனித்தனியா என் காதுல வந்து, சாப்பாடு என்னோடதுன்னு சொன்னீங்க. ஒருத்தன்தான் நெசமா குடுத்திருப்பான், மத்த ரெண்டு பேரும் பெருமைக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்பா. பங்கு போடறதுன்னு எழுதிக் கையெழுத்தும் வச்சிட்டு, அப்புறமும் மனசு கேக்காம ஆளுக்கு முழுசா குடுத்திருக்கீங்களே! இந்தப் பஞ்சத்துல!" என்றார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார். "ஆமா, நான் போறேன்னு உங்களுக்கு யார் சொன்னா? துரையா?"

எங்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நீங்கள் போகிறீர்களா என்று குண்டன்தான் கேட்டான். அவருக்கு அது நடிப்பாகப் பட்டிருக்கவேண்டும், சிரித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே துரையிடம் பெயர் கொடுத்துவிட்டாராம். தன் பெயரை. "என் சம்பளம் நூத்தி முப்பது. உங்க ரெண்டு பேர் சம்பளத்தச் சேத்தாலும் நூத்திப் பத்துதானே? ஒருத்தன் போனா மூணு பேர் இருக்கலாம்னா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று, சரக்குப் பட்டியலில் ஒரு தப்பைத் திருத்துகிற மாதிரி சொன்னார். மகள் வீடு சுங்கை பட்டாணியில் இருக்கிறது, இந்தப் புதுத் துரையோடு இனிமேல் மாரடிக்கவும் தன்னால் முடியாது என்றார். இதெல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி நாங்கள் பிரிவு விருந்து கொடுத்தோம் என்று சனிக்கிழமை முதல் நெஞ்சு நிறைந்துபோய் இருந்திருக்கிறார் அந்த மனுஷன்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவமானத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது, காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சீனருக்கு எங்கள் தமிழ் புரியாது. எல்லோர் கண்ணிலும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பணம் குறைகிறதோ என்று பயந்துபோய் நோட்டுகளை மறுபடி எண்ணிக் காட்டினார். பெரியவர் அவருக்கு ஒரு வெள்ளி கொடுக்கப் பார்த்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இருபது காசு டிப்பு எடுத்தாயிற்று, அதுதான் கணக்கு என்று சொல்லி, குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு பெரியவர் பியூனை விட்டு நோட்டை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி, தன் கையாலேயே பிரித்தார். ஆளுக்கு மூன்று வெள்ளி முப்பத்து மூன்று காசு. மூவரும் வேண்டாம் என்று பின்வாங்கினோம். அதையும் அவர் பிரியம் என்றே எடுத்துக்கொண்டு, அதட்டி அதட்டிப் பைக்குள் போட்டார். ஒரு காசு மிஞ்சியது. "இது எனக்கு" என்று சிரித்துக்கொண்டே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அரைக் காசுக்குக் கணக்குச் சொல்லும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாதக் கடைசியில் அவரை வழியனுப்பப் படகுத்துறைக்கு மூவரும் போனோம். அக்கரைக்குப் போய் ரயில் ஏறவேண்டும் அவர். இத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுவோம், திட்டட்டும், துப்பட்டும் என்று துணிந்து, "ஐயா, அந்தச் சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தேன். குண்டன் தன் முழு எடையையும் என் காலில் இறக்கினான். சுண்டுவிரல் நகம் போயிற்று. பெரியவர் என்னப்பா என்றார். கோழி சாப் நன்றாக இருந்தது என்று உளறினேன். "இருந்துச்சு, இருந்துச்சு" என்று சைவன் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படகில் ஏறினார்.

படகு கிளம்பியதும் நான் வெடித்துவிட்டேன். எவ்வளவு நாளைக்கு இந்தப் பொய்யைச் சுமப்பது, சொல்லியிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்குமே என்றேன். ஒரு காசு டிப்புக்கு உயிரை விட்ட அந்தக் கஞ்சன் சைவன்தான் சொன்னான்: "உன் மனசு லேசாகறதுக்கு அவர் சந்தோஷத்தப் பிடுங்கிக் குடுக்கணுமாடா? நீ சொமந்துக்க. அது உன் பங்கு."

மூவரும் நடந்து ஆபீஸுக்குத் திரும்பினோம். அங்கே அவர் நாற்காலி காலியாக இருந்தது, எங்கள் மூன்று நாற்காலியும் அப்படியே இருந்தன. அதற்கடுத்த மாதம் எனக்கு மகன் பிறந்தான், சேதி சொல்லி அவருக்குத்தான் முதல் கடிதம் எழுதினேன். அவர் காலமாகும்வரை வருஷத்துக்கு ஒரு தடவை மூவரும் சுங்கை பட்டாணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், எந்தக் காரியத்துக்காகவும் இல்லை. தன்மேல் உயிரை வைத்திருக்கும் மூன்று பேர் என்று எங்களைப் பற்றி அவர் நினைத்தது அந்தச் சனிக்கிழமை சுத்தப் பொய். திங்கட்கிழமைக்குப் பிறகு அதை மெய்யாக்குவதற்குத்தான் நாங்கள் பாடுபட்டோம், நான் இன்னும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.